லீவுக்கு ஊருக்குப் போக 60 நாள் முன்பதிவு: பிள்ளை வைத்திருப்பவரின் பார்வையில் ரயில் டிக்கெட் சேவை

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்றரை. தனியாளாக இருந்தால் நாலரை கொடுத்திருப்பேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையோடு போகிறவனுக்கு ஒரு மதிப்பெண் குறைகிறது, ஏன் குறைகிறது என்பதற்குத்தான் இந்த நீளமான விமர்சனம்.

நாங்கள் தாம்பரம் பக்கம் குடியிருக்கிறோம், சொந்த ஊர் தென்காசிக்குப் பக்கத்தில். மகள் நாலாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். பையனுக்கு நாலு வயது. வருஷத்தில் காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, கோடை விடுமுறை என்று மூன்று வாசல்தான் எங்களுக்குத் திறக்கும், அந்த மூன்றிலும் தமிழ்நாட்டில் பாதிப் பேர் எங்களோடு சேர்ந்தே புறப்படுகிறார்கள். ஆகவே ஆன்லைனில் ரயில் டிக்கெட் போடுகிற ஐஆர்சிடிசி தளத்தையும் ரயில்வேயின் முன்பதிவு விதிகளையும் ‘லீவுக்கு மட்டும் போகிற குடும்பம்’ என்ற ஒரே கோணத்தில்தான் பார்க்கிறேன். ஆபீஸ் வேலையாக அடிக்கடி போய் வருகிறவர்களுக்கு இது பயன்படாது.

முதலில் நல்ல விஷயம். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்கள். அப்போது பலரும் திட்டினார்கள். என்னைக் கேட்டால், பிள்ளை பெற்றவர்களுக்கு ரயில்வே செய்த பெரிய உபகாரம் இதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-இல் காலாண்டுத் தேர்வு செப்டம்பர் 26 வெள்ளிக்கிழமை முடிந்தது, 27 முதல் அக்டோபர் 5 வரை லீவு. பழைய 120 நாள் விதி இருந்திருந்தால் 26-ஆம் தேதி ராத்திரி ரயிலுக்கு மே 29 அன்றே டிக்கெட் போட வேண்டும். அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததே ஜூன் 2. அதாவது பிள்ளை புதுப் புத்தகத்துக்கு அட்டை போடுவதற்கு முன்னாலேயே காலாண்டுப் பரீட்சை என்றைக்கு முடியும் என்று ஜோசியம் பார்த்து டிக்கெட் எடுக்க வேண்டியிருந்திருக்கும். 60 நாள் கணக்கில் அதே ரயிலுக்கு ஜூலை 28. அதற்குள் பள்ளிக் கல்வித்துறையின் வருடாந்திர நாட்காட்டி கையில் இருக்கும், பள்ளிக்கூட டைரியிலும் தேதி ஏறியிருக்கும், டீச்சரிடம் கேட்டால் ஓரளவு உறுதியாகவே சொல்வார்கள். அரையாண்டும் இப்படித்தான். டிசம்பர் 23 தேர்வு முடிந்து 24 முதல் ஜனவரி 4 வரை லீவு விட்டார்கள், 23-ஆம் தேதி ரயிலுக்கு முன்பதிவு திறந்தது அக்டோபர் 24. தீபாவளி முடிந்து நாலாவது நாள். பட்டாசுக் குப்பையைக் கூட்டி அள்ளிய கையோடு கிறிஸ்துமஸ் லீவுக்கு டிக்கெட் போட்டுவிடலாம், மறக்கவும் வழியில்லை.

இப்போது குறை. முன்பதிவு காலை 8 மணிக்குத் திறக்கிறது. பள்ளிக்கூட நாளில் 8 மணிக்கு ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று ரயில்வேயில் யாருக்காவது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். ஒரு கையில் இட்லி, ஒரு கையில் ஓடிபி, வாசலில் வேன் ஹாரன். கவுண்டரும் அதே 8 மணிக்குத்தான் என்பதால் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்களைக் கவுண்டரில் நிறுத்துவது இன்னும் செல்லுபடியாகிற வழி. ஆன்லைனில் போடுகிறவர்கள் ஆதாரை முன்கூட்டியே கணக்கில் இணைத்துச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபரில் முன்பதிவு திறக்கிற நாளில் முதல் 15 நிமிடம் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டும்தான் என்று விதி வந்தது, பிறகு 2026 ஜனவரியில் அதை அந்த முதல் நாள் முழுவதற்குமாக நீட்டிவிட்டார்கள். லீவு சமயத்தில் தென்காசி போகும் பொதிகை மாதிரி ரயிலில் அந்த முதல் நாளுக்கு அப்புறம் மிச்சம் என்ன இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆதார் இணைத்தால் மாதத்துக்கு 24 டிக்கெட் போடலாம், இல்லையென்றால் 12, ஆனால் குடும்பஸ்தனுக்கு அது பெரிய விஷயமில்லை, அந்த முதல் நாள்தான் விஷயம். பயணிகள் பெயர், வயது எல்லாவற்றையும் முந்தின ராத்திரியே தளத்தில் நம் கணக்கில் இருக்கும் மாஸ்டர் லிஸ்டில் ஏற்றி வைத்துவிடுங்கள். நள்ளிரவை ஒட்டி 11.45-லிருந்து கொஞ்ச நேரம் தளத்தைப் பராமரிப்புக்காக மூடுவார்கள், அதற்கு முன்னால் முடித்துவிடுவது நல்லது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு, இதைப் பற்றி யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. லீவுக்குப் போகிற குடும்பத்துக்குப் போக்கும் வரவும் சேர்ந்து ஒரே பயணம்தான். ஆனால் முன்பதிவு இரண்டு வேறு நாளில் திறக்கிறது. அதே காலாண்டு லீவையே எடுத்துக்கொள்ளுங்கள். போக ஜூலை 28, அக்டோபர் 5 ஞாயிற்றுக்கிழமை திரும்பி வர ஆகஸ்ட் 6. நடுவில் ஒன்பது நாள். போகிற டிக்கெட்டைப் போட்டுவிட்டு, திரும்பி வரக் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் ஒன்பது நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். வரும் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் விழுந்தால் திங்கள்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை வராது, அல்லது கடைசி நேரத்தில் ஆம்னி பஸ்ஸுக்கு அவர்கள் சொல்கிற விலையைக் கொடுக்க வேண்டும், அதுவும் வேண்டாமென்றால் போகிற டிக்கெட்டையே ரத்து செய்து பிடித்தம் போக மிச்சத்தை வாங்க வேண்டும். விமானத்தில் போக வர இரண்டையும் ஒரே தடவையில் போட முடிகிறது. ரயிலில் போகும் டிக்கெட் எடுக்கிற அன்றைக்கே திரும்பும் டிக்கெட்டையும், சரி, ஒரு பதினைந்து நாளுக்குள் என்று வரம்பு வைத்தாவது எடுக்க விட்டால் லீவு காலத்தில் பாதிக் குழப்பம் தீரும். என் கணக்கில் அந்தக் குறைந்த ஒரு மதிப்பெண்ணில் முக்கால் பங்கு இதற்குத்தான்.

அதுவரைக்கும் நாங்கள் கடைப்பிடிக்கிற வழி, கூட்டம் விரும்பாத நாளைப் பிடிப்பது. கடைசிப் பரீட்சை முடிந்த அன்றைக்கு ராத்திரியே கிளம்ப வேண்டும் என்று ஊரே துடிக்கும். கடைசி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஊரிலிருந்து புறப்பட்டு, திங்கள் காலையில் எழும்பூரில் இறங்கி, நேராகப் பள்ளிக்கூடத்துக்கு விட வேண்டும் என்று இன்னொரு கூட்டம். இந்த இரண்டு ராத்திரியையும் விட்டுவிட்டால் நிலைமை கொஞ்சம் இளகுகிறது. ஞாயிறு ராத்திரி கிளம்பி, வெள்ளிக்கிழமை ராத்திரி அங்கிருந்து ஏறினால் ஊரில் கிடைப்பது அஞ்சு பகல்தான், ஆனால் படுத்துக்கொண்டு போய், படுத்துக்கொண்டு வரலாம். கடைசி இரண்டு நாள் வீட்டில் இருந்தால் துணி துவைக்க, விட்டுப்போன ஹோம்வொர்க்கை எழுத என்று நேரம் இருக்கும். இதற்கு எங்கள் வீட்டில் ஒரே எதிர்ப்பு ஆச்சியிடமிருந்துதான். “ஏல, வந்த காலோட கிளம்புதிய, எதுக்கு வாறிய?” என்று பையனைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்பார். பதில் கிடையாது.

ரயிலையும் ஒன்றையே பிடித்துத் தொங்க வேண்டாம். தென்காசி என்றதும் எல்லோருக்கும் பொதிகைதான் ஞாபகம் வரும். தாம்பரத்திலிருந்து காரைக்குடி, மானாமதுரை வழியாகச் செங்கோட்டை போகிற சிலம்பு இருக்கிறது, வாரத்தில் சில நாள் மட்டும். கொல்லம் எக்ஸ்பிரஸும் தென்காசி வழிதான். எதுவும் இல்லையென்றால் நெல்லை எக்ஸ்பிரஸிலோ கன்னியாகுமரி எக்ஸ்பிரஸிலோ திருநெல்வேலி போய் இறங்கி, அங்கிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்து அம்பாசமுத்திரம் வழியாகப் போகலாம். அதற்கு முன்பதிவே வேண்டாம். என் மகளுக்கு மொத்தப் பயணத்திலும் பிடித்தது அந்த பாசஞ்சர்தான், மலை கூடவே வரும். தளத்தின் தேடலில் இந்த மாதிரி ‘இங்கே இறங்கி அதில் மாறு’ யோசனை தானாக வந்து விழாது, நமக்கு ஊர் தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளின் கட்டணத்துக்கு வருவோம், ஏனென்றால் இதில்தான் பலர் குழம்புகிறார்கள். ஐந்து வயது முடியாத குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம், பெர்த் கேட்காதவரை. பெர்த் வேண்டும் என்றால் முழுக் கட்டணம். ஐந்திலிருந்து பன்னிரண்டு முடியும் வரைக்கும் பெர்த் வேண்டாம் என்று குறித்தால் பாதிக் கட்டணம், பெர்த் வேண்டும் என்றால் பெரியவர்களுக்கு உள்ள அதே முழுக் கட்டணம். 2016 ஏப்ரலுக்கு முன்னால் பாதிக் கட்டணத்திலேயே பெர்த் கொடுத்தார்கள், நம் அப்பா அம்மா நம்மைக் கூட்டிப்போன கணக்கு அது, அதை நினைத்துக்கொண்டு இப்போது போட்டால் சரிவராது. என் கருத்து: ஏழு எட்டு வயது தாண்டிய பிள்ளைக்கு முழுக் காசு கொடுத்து பெர்த் வாங்கிவிடுங்கள். ஸ்லீப்பர் பெர்த்தில் ஒன்பது வயதுப் பிள்ளையையும் அம்மாவையும் சேர்த்துப் படுக்க வைத்தால் அம்மா விடிய விடிய உட்கார்ந்துதான் வருவார், அந்தப் பாதிக் காசில் மிச்சம் பிடித்தது மறுநாள் தலைவலி மாத்திரைக்குப் போகும். இரண்டு மூன்று வயதுக் குழந்தை என்றால் பெர்த் எடுக்கவே வேண்டாம், எப்படியும் அது தன் பெர்த்தில் தூங்கப் போவதில்லை. பகலில் ஓடும் வந்தே பாரத்தில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, அங்கே எல்லாம் உட்காரும் இருக்கைதான், ஐந்து வயதுக்கு மேல் என்றால் பிள்ளைக்கும் முழு டிக்கெட். எழும்பூர் திருநெல்வேலி வந்தே பாரத் 2023 செப்டம்பரில் வந்தது, பகல் பயணம். துறுதுறுவென்று இருக்கிற பிள்ளைக்கு நல்லது, வாந்தி எடுக்கிற பிள்ளைக்கும் பஸ்ஸைவிட எவ்வளவோ மேல். ஆனால் நாலு பேர் குடும்பத்துக்குக் காசைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒரே டிக்கெட்டில் ஆறு பேர் போடலாம், பெர்த் வேண்டாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் அந்த ஆறில் சேர மாட்டார்கள். எல்லோரையும் ஒரே டிக்கெட்டில் போடுவதுதான் எப்போதும் நல்லது, பிரித்துப் போட்டால் பெட்டிக்கு ஒருவராகச் சிதறிப்போகவும் வாய்ப்புண்டு. கடைசி நேர அவசர முன்பதிவான தட்கலில் நாலு பேர்தான். அதுவும் ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணிக்குத்தான் திறக்கும், 2025 ஜூலையிலிருந்து ஆன்லைனில் ஆதார் ஓடிபி இல்லாமல் நடக்காது. ஆச்சி தாத்தாவோடு ஆறு பேராகப் போகிற குடும்பம் தட்கலை நம்பவே கூடாது. அதேபோல ‘விகல்ப்’ என்று ஒரு வசதி தருகிறார்கள், வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால் வேறு ரயிலில் இடம் இருக்கும்போது மாற்றிக் கொடுப்பது. தனியாளுக்கு அருமையான வசதி. சின்னப் பிள்ளையோடு போகிறவருக்கு, ரயிலும் நேரமும் சில சமயம் ஏறுகிற ஸ்டேஷனுமே மாறிப்போகலாம் என்பதால், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு நல்ல வசதியைச் சொல்ல வேண்டும். உறுதியான டிக்கெட்டை நெருங்கிய குடும்பத்தாருக்கு மாற்றிக் கொடுக்கலாம். அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மகன், மகள், கணவன், மனைவி இவ்வளவு பேருக்கு. புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னால், உறவுக்கான சான்றோடு கவுண்டரில் போய் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரு தடவைதான் மாற்றலாம். பள்ளிக்கூடம் லீவு விட்டும் ஆபீஸ் லீவு தராத வீடுகளில் இது பெரிய கைகொடுப்பு. எனக்கு லீவு இல்லை என்றால் என் அம்மா என் பெயரில் இருக்கிற பெர்த்தில் பேத்தியோடு கிளம்பிவிடலாம். மாமனார் மாமியார் அந்தப் பட்டியலில் இல்லை என்பது என் மனைவியின் நியாயமான புகார்.

பெரியவர்களோடு போகிறவர்கள் கீழ் பெர்த்துக்குத் தனியாக ஒதுக்கீடு இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45. ஆனால் அந்த ஒதுக்கீட்டில் ஒருவரோ இருவரோதான் போட முடியும், பிள்ளைகளைச் சேர்த்துப் போட முடியாது. கைக்குழந்தையோடு போகிற அம்மாவுக்கு உறுதியாகக் கீழ் பெர்த் என்று இன்னும் ஒரு ஏற்பாடு இல்லை. 2022-இல் லக்னோ மெயிலில் கீழ் பெர்த்தோடு ஒட்டிக் குழந்தைக்கு ஒரு சின்ன பெர்த் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்து நாங்களும் ஆசைப்பட்டோம், நம் பக்கம் அது வந்து சேருவதற்குள் என் பையன் அப்பர் பெர்த்துக்குத் தாவிவிடுவான் போலிருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் காலாண்டுக்கும் அரையாண்டுக்கும். கோடை விடுமுறை தனிக் கதை, அங்கே 60 நாள் விதியும் உதவாது, ஏனென்றால் பள்ளிக்கூடத் தேதியே நிற்காது. 2025-இல் வெயில் காரணமாக ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை முழு ஆண்டுத் தேர்வை முன்னுக்கு இழுத்து ஏப்ரல் 17-க்குள் முடித்தார்கள். 2024-இல் ஜூன் 6 திறக்க வேண்டிய பள்ளிகளை 10-ஆம் தேதிக்குத் தள்ளினார்கள். 2023-இல் இன்னும் மோசம், ஜூன் 1 என்றது 7 ஆகி, அப்புறம் பெரிய வகுப்புகளுக்கு 12, சின்ன வகுப்புகளுக்கு 14 ஆனது. ஒரே வீட்டில் அக்காவுக்கு ஒரு தேதி, தம்பிக்கு ஒரு தேதி. இதில் ரயில்வேயைக் குறை சொல்ல முடியாது, வெயிலையும் குறை சொல்ல முடியாது. டிசம்பரிலும் புயல் வந்தால் கணக்கு தப்பும், 2023 மிக்ஜாம் புயலில் சென்னைப் பக்கம் பள்ளிகள் நாள்கணக்கில் மூடி, அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. அதனால் கோடைக்கு நான் சொல்வது, முழு ஆண்டுத் தேர்வு முடிகிற வாரத்தில் டிக்கெட் போடாதீர்கள், மே முதல் வாரத்துக்கு மேல் போடுங்கள், எப்படி இழுத்தாலும் அதற்குள் தேர்வு முடிந்திருக்கும். திரும்பி வர மே கடைசிக்கு முந்தின வாரம். கடைசி வாரம் பள்ளிக்கூடம் திறக்கிற அவசரத்தில் எல்லோரும் ஒன்றாகத் திரும்புவார்கள், யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்தவர்களுக்கு அந்த வாரம் ஊரில் இருந்தாக வேண்டிய வேலையும் உண்டு. சிபிஎஸ்இ பிள்ளைகளின் கணக்கு வேறு, அவர்களுக்குப் புது வருஷம் ஏப்ரலிலேயே தொடங்கிவிடும், நடுவில் மே மாதம் மட்டும்தான் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளோடு சேரும். பெங்களூர் அண்ணன் பிள்ளைகளோடு சேர்ந்து போக நினைப்பவர்கள் இதைவிடச் சிரமப்படுவார்கள். கர்நாடகத்தில் தசரா லீவு நம் காலாண்டு லீவைவிட நீளம், கோடை விடுமுறை நமக்கு முன்பே தொடங்கி முன்பே முடிந்துவிடும்.

முன்பதிவைத் தவறவிட்டவர்களுக்கு ஒரே ஆறுதல் சிறப்பு ரயில். தெற்கு ரயில்வே பூஜை, கிறிஸ்துமஸ், கோடை சமயங்களில் அறிவிக்கும். கட்டணம் சற்றுக் கூடுதல், நேரமும் கூடுதலாகவே பிடிக்கும், அறிவிப்பு வருவதோ கடைசியில். ஆனால் அறிவித்த அன்றைக்கே பார்த்தால் இடம் கிடைக்கும். வெயிட்டிங் லிஸ்டில் கிடக்கும் ஆன்லைன் டிக்கெட், சார்ட் என்கிற கடைசிப் பயணிகள் பட்டியல் போட்டதும் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும், அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கவுண்டரில் வாங்கிய வெயிட்டிங் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரில் ஏறிப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பழைய பழக்கம் மட்டும் பிள்ளைகளோடு வேண்டாம், இப்போது இறக்கிவிடுகிறார்கள்.

ஊருக்குப் போகாமல் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போக இ-பாஸ் வேண்டும், 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி. 2025 ஏப்ரலிலிருந்து ஜூன் வரைக்கும் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். வார நாளைத் தேடுங்கள், பிள்ளைக்குத்தான் லீவாயிற்றே. இல்லையென்றால் நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் போய், காலையில் அங்கிருந்து புறப்படும் மலை ரயிலைப் பிடியுங்கள். அதற்கும் அதே 60 நாள் கணக்குதான், சீட்டு குறைவு, கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தில் ஏறும்போது பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். இரண்டு ரயிலுக்கும் தனித்தனி நாளில் முன்பதிவு திறக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள், சென்னையிலிருந்து ராத்திரி ஏறுவது ஒரு தேதி, மலை ரயில் மறுநாள் தேதி. முதலில் எக்ஸ்பிரஸ் கிடைத்து, அடுத்த நாள் 8 மணிக்கு மலை ரயில் கிடைக்கவில்லை என்றால் அரசுப் பேருந்தில் ஏறிவிடுங்கள், அதற்கு இ-பாஸ் கேட்க மாட்டார்கள், ஐந்து வயது வரை டிக்கெட்டும் கிடையாது.